கல்லச்சில் பார்த்த மாப்பிள்ளை வீடு

1

போன வாரம் எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் முடிந்தது. அதே வாரத்தில் என் மகள் கயலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: 'உன் அப்பாவும் அம்மாவும் முதன்முதலில் எப்படிச் சந்தித்தார்கள்?' அரைப் பக்கம் எழுத வேண்டும். இங்கே இதெல்லாம் பாடம். நம்மூரில் ஏழு வயதுப் பிள்ளை இப்படிக் கேட்டால் முதுகில் ஒன்று விழும்.

கயல் தமிழில் கேள்வி கேட்பாள், ஜெர்மனில் சண்டை போடுவாள். எது கேள்வி, எது சண்டை என்று பிரித்துக்கொள்ள எனக்கு அது வசதியாக இருக்கிறது.

"ரெண்டு பேரும் மொதல்ல எங்க பாத்துக்கிட்டீங்க?" என்றாள்.

"பாத்துக்கவே இல்ல. தாத்தா ஒரு படத்தைப் பாத்தாரு. கல்யாணம் ஆயிருச்சு."

அவள் அதை அப்படியே எழுதிக் கொண்டுபோய்விட்டாள். நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு சிவப்புக் கேள்விக்குறி. 'தந்தை நேரில் வந்து விளக்கவும்' என்று கீழே ஒரு வரி. இந்த நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தும் என் ஜெர்மன் ரொட்டிக்கடைக்குப் போதுமே தவிர என் கல்யாணக் கதைக்குப் போதாது. ஆகவே ஒத்திகையாக முதலில் உங்களிடம் தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் கேள்விக்குறி போட மாட்டீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

2

நான் குரும்பலூர்க்காரன். வெல்டர். எழுபதுகளின் நடுவில் ஒரு கப்பலில் வேலைக்கு ஏறி, அந்தக் கப்பல் ரிப்பேருக்கு நின்ற இடத்தில் நானும் நின்றுவிட்டேன். மேற்கு ஜெர்மனியில் பிரேமன் என்கிற துறைமுக நகரம். கப்பல் பட்டறையில் வேலை. ஆற்றங்கரைத் தெருமுனையில் ஒரு நாலு மாடிக் கட்டடம். அதில் மூன்றாவது மாடியில் எனக்கு ஓர் அறை. ஒரே ஓர் அறை. இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், ஏனென்றால் பெரம்பலூரில் இருக்கும் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களில் நான் இதைக் கொஞ்சம் மறந்திருந்தேன்.

பட்டறையில் மத்தியானம் எதிரில் வருகிறவனெல்லாம் 'மால்ட்சைட்' என்பான். நல்லா சாப்பிடு என்று அர்த்தம். நான் அதைப் பொது வணக்கம் என்று எடுத்துக்கொண்டு காலை, மாலை, பஸ் நிறுத்தம், பல் டாக்டர் என்று எல்லா இடத்திலும் பயன்படுத்தினேன். சக தொழிலாளி ஒருவரின் தாயார் இறந்தபோது கல்லறை வாசலில் பாதிரியார் கையைப் பிடித்துக்கொண்டு நல்லா சாப்பிடுங்கள் என்று ஆறுதல் சொன்னவன் நான்.

அப்படியிருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி நூலகத்துக்குள் போனேன். படிக்க அல்ல; உள்ளே கணகணவென்று சூடாக இருக்கும். சுவரில் வரிசையாகக் கறுப்பு வெள்ளையில் ஊர்ப் படங்கள் மாட்டியிருந்தார்கள். போட்டோ என்று நினைத்துத் தாண்டிப் போனவன், பக்கத்தில் பார்த்ததும் நின்றேன். போட்டோ இல்லை. கையால் போட்டது. கூரையில் ஒவ்வோர் ஓடும் தனித்தனி. புகைபோக்கியில் செங்கல் செங்கலாக. சைக்கிள் சக்கரத்துக்குக் கம்பிகள். கம்பியில் உட்கார்ந்த புறாவுக்குக் கண். இதைப் போட்ட ஆளுக்கு வேறு வேலையே இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. நான் வெல்டிங் வைத்தால் மேஸ்திரி இரண்டு முறை தட்டிப் பார்ப்பார்.

நாலாவது படம் எங்கள் தெரு. ஆறு, பாலம், ரொட்டிக்கடை, நாலு மாடி. எண்ணிக்கொண்டே மூன்றாவது மாடிக்கு விரல் போனது. அங்கே ஜன்னலில் கட்டம் போட்ட கைலி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

என் கைலி. ஓரத்துக் கிழிசல் உட்பட. இந்த ஊரில் எவனும் ஜன்னலில் துணி உலர்த்த மாட்டான் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரியும்.

"மால்ட்சைட்!" என்று சத்தமாகச் சொன்னேன். படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நூலகத்து அம்மாள் வந்து, இது கல்லச்சுப் படம், சுண்ணாம்புக்கல்லில் வரைந்து தாளில் ஒற்றி எடுப்பது, விலைக்கும் கிடைக்கும் என்றார். நான் படத்தில் கைலியைத் தவிர வேறெதையும் பார்க்காமலேயே ஒரு பிரதி வாங்கிவிட்டேன். முழுதாகப் பார்த்திருந்தால் இந்தக் கதை இல்லை.

3

வாங்கியதற்குக் காரணம் இருந்தது. அப்போது எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அரியலூர்ப் பெண், மலர்க்கொடி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். போட்டோ வந்திருந்தது. நான் அதைப் பட்டறை லாக்கருக்குள் ஒட்டிவைத்து, தேவையில்லாமல் லாக்கரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் பெரிதாக ஆட்சேபம் இல்லை என்று அண்ணி எழுதியிருந்தார். இடையில் நின்றது அவளுடைய அப்பா காத்தமுத்து. சுண்ணாம்புக்கல் குவாரி மேஸ்திரி.

அவருடைய பேச்சைப் பெரம்பலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் என் அண்ணன் கடிதத்தில் அப்படியே எழுதியிருந்தான்: "மாப்ள வூடு பாக்காம எவனாச்சும் பொண்ணக் குடுப்பானா? கப்பல்ல போயிப் பாக்க முடியாதுங்கிறதுக்காகப் பாக்காமலே குடுத்துர முடியுங்களா?"

நியாயம்தானே. நம்ம பக்கம் பெண் வீட்டார் ஒற்றைப்படையில் ஆள் கூட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் சம்மதம். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, வெயில் ஏறுது என்று எழுந்துவிடுவார்கள். பிரேமனுக்கு ஏழு பேர் எப்படி வருவார்கள்? நான் வீட்டை அனுப்பிவைத்தேன். படத்தைச் சுருட்டி, குழாயில் போட்டு, கூடவே ஒரு கடிதம்: 'படத்தின் மேல்பக்கம் வடக்கு. ஆறு கிழக்குப் பக்கம் ஓடுகிறது. கைலி காய்கிற வீடு நம்முடையது. வாசல் கிழக்கே ஆற்றைப் பார்த்தது. காலை வெயில் நேராக உள்ளே வரும்.'

'வீடு' என்று எழுதினேன். 'அறை' என்று எழுதப் பேனா மறுத்தது. பேனா மீது பழி போட்டால் அது திருப்பிப் பேசாது, அதுதான் வசதி.

4

ஏழு பேர் அரியலூரிலிருந்து பஸ் ஏறிப் பெரம்பலூர் வந்தார்கள். அண்ணன் கூடத்தில் பாயை விரித்து, படத்தை அதில் பரப்பி, நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்திருந்தான். உள்ளே அண்ணி வடை, பாயசத்தோடு தயாராக இருந்தார். ஏழு பேரும் படத்தைச் சுற்றிக் குந்தினார்கள். என் மாமனாராக வேண்டியவர் கண்ணாடியைக் கழற்றி லென்ஸாகப் பிடித்துக்கொண்டு தெருமுனையிலிருந்து நடந்தே வந்தாராம், விரலால்.

"இதென்ன எழுத்து, ஒண்ணும் வெளங்கலையே?" என்று ரொட்டிக்கடைப் பலகையைத் தொட்டார்.

"ஜெர்மன் மாமா. அது அப்பிடித்தான் இருக்கும்" என்றான் அண்ணன், ஜெர்மனில் பிறந்து வளர்ந்தவன் போல.

"கைலி இந்தா இருக்கு. சரி. பக்கத்துச் சன்னல்ல என்னமோ பூப்போட்ட தெரை. மேல ஒண்ணுல பூந்தொட்டி. ஏங்க, ஒரே வூட்டுக்காரன் சன்னலுக்கு ஒரு தினுசா வைப்பானா?"

அண்ணன் இருமினான்.

"அது போவட்டும். மேல வடக்குன்னா, ஆறு எந்தப் பக்கம் கெடக்கு?"

எல்லோரும் பார்த்தார்கள். ஆறு இடதுபக்கம் கிடந்தது.

"எடது பக்கம்னா மேக்க. வாசலும் மேக்கப் பாத்துக்கிட்டு நிக்குது. தம்பி கெழக்குன்னு எழுதுது. தம்பிக்கு சூரியன் எங்க மொளைக்குதுன்னே தெரியலையா, இல்ல அந்த வூட்டுல குடியே இல்லையா?"

தண்ணீரைக் குடித்தார்கள். வெயில் ஏறிவிட்டது. "படத்தை நாலு பேருகிட்ட காட்டிட்டுத் திருப்பித் தரேன்" என்று சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மாமனார் பஸ் ஏறிவிட்டார். அண்ணன் எனக்கு எழுதிய கடிதத்தில் கடைசி வரி: 'மூணு நாளா நாங்க வடைதான் தின்னுகிட்டு இருக்கோம். உன் சூரியன் எந்தப் பக்கம்னு ஒழுங்காப் பாத்து எழுதவும்.'

5

அந்தக் கடிதம் வந்த மறுநாள் காலை ஆற்றங்கரையில் போய் நின்றேன். என்மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சூரியன் ஒழுங்காகக் கிழக்கே ஆற்றுக்கு மேலேதான் வந்தான். ஓடிப்போய் நூலகத்தில் படத்தைப் பார்த்தேன். அதில் ஆறு இடதுபக்கம்! அங்கே நின்று தலையைச் சாய்த்து, குனிந்து, கடைசியில் முதுகைத் திருப்பிக்கொண்டு கால் இடுக்கு வழியாகவும் பார்க்கப் போனேன். நூலகத்து அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கல்லில் எப்படி வரைகிறோமோ அதற்கு நேர்மாறாகத்தான் தாளில் விழும். சிலர் முன்னாலேயே கல்லில் மாற்றி வரைந்துவிடுவார்கள். இந்த ஓவியர் அந்தச் சிரமமெல்லாம் எடுத்துக்கொள்வதில்லை, பார்த்ததைப் பார்த்தபடி கல்லில் போட்டுவிடுவார். ஊர்தான் திரும்பிக்கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு அரை மணி ஆனது. கடைப் பலகைகளில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஜெர்மன் நேராக இருந்தாலே எனக்குச் சரியாகப் புரியாது, திரும்பியிருந்தால் எப்படிக் கவனிப்பேன்?

அன்றைக்கே உட்கார்ந்து அரியலூருக்கு எட்டுப் பக்கம் எழுதினேன். கல், மை, தாள், அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கினேன். ஏழாம் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'அது வீடு இல்லை, ஓர் அறை' என்பதையும் எழுதிவிட்டேன். சூரியன் விஷயத்தில் நான் யோக்கியன் என்று நிரூபிக்கிற கடிதத்தில் அந்த ஒரு பொய்யை மட்டும் உட்காரவைக்க மனசு வரவில்லை.

அந்தக் கடிதம் கடல் தாண்டுவதற்குள் அரியலூரில் சூரியன் விஷயம் முடிந்துவிட்டிருந்தது. மலர்க்கொடி பிற்பாடு சொன்னது இது.

அவளுடைய அப்பா படத்தை வாசலில் வைத்துக்கொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் மாப்பிள்ளையின் புளுகைக் காட்டிக்கொண்டிருந்தார். இவள் எட்டிப் பார்த்தாள். ரொட்டிக்கடைப் பலகையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். டைப் அடிக்கிற எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு அது. கார்பன் தாளைத் திருப்பி வைத்துவிட்டால், அடிக்கிற எழுத்தெல்லாம் அதே தாளின் பின்பக்கம் இடவலம் மாறி விழும்.

"யப்பா, இது ஜெர்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. கார்பனத் திருப்பி வச்ச கணக்கா இருக்கு."

"எழுத்து திரும்பலாம். ஆறு எப்பிடி திரும்பும்?"

"எல்லாந்தான் திரும்பும். இங்க குடுங்க."

படத்தை வாங்கித் திருப்பி, பின்பக்கம் இவர்களைப் பார்க்க, வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். தாள் வழியாக ஊர் மறுபடி தெரிந்தது. ஆறு கிழக்கே போனது. வாசல் ஆற்றைப் பார்த்தது. பலகையில் எழுத்து நேராக நின்றது.

மாமனார் ரொம்ப நேரம் பார்த்தாராம். "பய பொய் சொல்லல" என்றார். அப்புறம், "அந்த சன்னல் கதைய மட்டும் இன்னும் சொல்லல."

6

நாலு வாரம் கழித்து அவரிடமிருந்து நேராக எனக்கே கடிதம். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. லாக்கரில் போட்டோவுக்குப் பக்கத்தில் இப்போதும் அது இருக்கிறது.

'தம்பிக்கு. நீங்க எழுதுனது வந்துச்சு. கல்லு விசயம் படிச்சேன். இருவது வருசமா அதே கல்லத்தான் நான் வெடி வச்சு ஒடைக்கிறேன். அதுல ஊரையே வரையலாம்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லல. ரூம்புன்னு மொதல்லயே எழுதியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருக்கப் போறேன்? வாசல் எந்தப் பக்கம் பாத்தா என்ன? நான் பாக்க வேண்டியது வேற. நீங்க பட்டறைக்குப் போயிருவீங்க. எம்மவளுக்கு அந்த ஊருல பாஷை தெரியாது. பகல்ல ஒரு தலைசுத்தல், ஒரு காச்சல்னா எட்டிப் பாக்க எதுத்த வூட்டுல யாரு இருக்கா? அதத்தான் நான் படத்துல தேடுனேன். எதுத்த வூடு படத்துலயே இல்ல. ஏன் இல்லன்னு யோசிச்சேன். படம் போட்ட ஆளு அங்க ஒக்காந்துதான் போட்டிருக்கு. கைலில கிழிசல் வரைக்கும் பாத்துப் போட்ட ஆளு. அது யாரு, பொம்பளையா ஆம்பளையா, எம்மவளப் பாத்துக்குமான்னு கேட்டு எழுதுங்க. அதுக்கப்பறம் மத்தது.'

அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், ஆனால் அவர் சொல்லாத ஒரு வரி: 'கைலியை இனிமேல் உள்ளே காயப்போடவும்.'

எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது மூன்று வருடமாக அங்கே குடியிருந்த எனக்குத் தெரியாது. அரியலூரில் உட்கார்ந்திருந்த மனிதர் கண்டுபிடித்துவிட்டார்.

7

பன்னிரண்டு எட்டு வைத்தால் தெருவைத் தாண்டிவிடலாம். அதற்கு எனக்கு இரண்டு நாள் ஆனது. மூன்றாவது நாள் சட்டையை மாற்றிக்கொண்டு போய், மாடியேறி மணியை அடித்தேன். அறுபது வயதிருக்கும் குள்ளமான அம்மாள் ஒருவர் கதவைத் திறந்தார். விரலெல்லாம் மை. பெயர் ஹில்டா.

"மால்ட்சைட்" என்றேன்.

"மணி நாலு ஆகிறது" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்து, "நீலக் கட்டம். ஓரத்தில் கிழிசல்" என்றார். என் பெயரே அதுதான் என்பது போல.

உள்ளே ஜன்னலோரமாகப் பெரிய கல் ஒன்று. அதில் பாதி ஊர் முளைத்திருந்தது. என் ஓட்டை ஜெர்மனில் நான் விஷயத்தைச் சொன்னேன்: இந்தியாவில் ஒரு மனிதர் இருக்கிறார். கல் உடைப்பவர். அவருக்கு ஒரு மகள். அவர் உங்கள் படத்தைப் பார்த்தார். நீங்கள் அவர் மகளைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார். மகள் இன்னும் வரவில்லை. நீங்கள் சரி என்றால்தான் வருவாள்.

இவ்வளவையும் ஓர் அந்நியனிடமிருந்து கேட்டால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன். அவர் சிரிக்கவில்லை. இது சட்டென்று பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஒரு கடிதம் கொடுத்தார். அகராதி வைத்துக்கொண்டு வரிவரியாக நான் தமிழில் மாற்றினேன்:

'மதிப்புக்குரிய ஐயா, நான் காலை எட்டு மணி முதல் மாலை நாலு வரை ஜன்னலருகில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை மட்டும். திரை போட்டிருந்தால் நான் பார்ப்பதில்லை. உங்கள் மகள் இரண்டு கைகளையும் ஆட்டினால் இறங்கி வருவேன். எனக்கு முழங்கால் சரியில்லை. இறங்கி ஏற எட்டு நிமிடம் ஆகும். எனக்கு நன்றாகச் சமைக்கத் தெரியாது. ஆகஸ்ட் மாதம் என் தங்கை ஊருக்குப் போய்விடுவேன். அப்போது என்னால் பொறுப்பேற்க முடியாது.'

ஒரு தகப்பன் கேட்டால் கொஞ்சம் பெரிய மனசு பண்ணி 'சொந்த மகள் போலப் பார்த்துக்கொள்கிறேன்' என்று ஒரு வரி எழுதக் கூடாதா? முழங்காலையும் ஆகஸ்டையும் மொழிபெயர்ப்பில் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன். ஏற்கனவே ஓர் அறையை வீடாக்கிப் பட்டது ஞாபகம் வந்தது. உள்ளதை உள்ளபடி அனுப்பினேன்.

அடுத்த மாதம் ஏழு பேரும் மறுபடி பெரம்பலூர் வந்தார்கள். மாமனார் கடிதத்தைக் கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம்.

"நல்லாக் கேட்டுக்குங்க. ஆகஸ்டு மாசம் இருக்க மாட்டேன்னு எழுதிருக்கு. யாராச்சும் இப்பிடி எழுதுவாங்களா? நம்ம சம்பந்தக்காரவுகளே எழுத மாட்டாங்க. மாட்டேங்கிறத மாட்டேன்னு சொல்ற ஆளு, வரேன்னா வந்துரும்."

பிறகு அண்ணியைப் பார்த்து, "எலையப் போடும்மா" என்றார்.

அண்ணனிடமிருந்து தந்தி வந்தது: 'கை நனைத்தார்கள். வடை போதவில்லை.'

8

கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து திரும்பியபின், மனைவியை அழைத்துக்கொள்ள இங்கே அரசாங்கத்திடம் விண்ணப்பம் போட்டேன். அதற்கும் வீடு பார்க்க ஆள் வந்தார்! ஒரே ஒரு ஆள். ஒற்றைப்படைதான், சகுனம் சரி. டேப் வைத்து அறையை நீளவாக்கில், அகலவாக்கில், கட்டிலுக்கு அடியில்கூட அளந்தார். காப்பி கொடுத்தேன், பணிநேரத்தில் கூடாது என்று மறுத்துவிட்டார். கை நனைக்காமல் போகிறாரே என்று வாசல் வரை காப்பியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். நினைத்தபடியே இரண்டு பேருக்கு இடம் போதாது என்று கடிதம் வந்தது. பூப்போட்ட திரைக்காரர் காலி செய்யும்வரை காத்திருந்து, அந்த அறையையும் சேர்த்து எடுத்தேன். அந்தப் படிவத்தில் நாற்பத்தேழு கேள்விகள் இருந்தன. எதிர் வீட்டில் யார் என்று ஒன்றுகூட இல்லை.

மலர்க்கொடி வசந்த காலத்தில் வந்து சேர்ந்தாள். முதல் வாரம் ஜன்னல் பக்கமே போகவில்லை, வெட்கம். இரண்டாம் வாரம் ரசம் பொங்கி அடுப்பு அணைந்து, அறையெல்லாம் எரிவாயு நாற்றம். இரண்டு கையையும் ஆட்டினாள். சரியாக எட்டு நிமிடத்தில் ஹில்டா கதவைத் தட்டினார். அதற்குள் இவளே அடுப்பை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாள். இருந்தாலும் அவர் திரும்பிப் போகவில்லை. மீதி இருந்த ரசத்தைக் குடித்துவிட்டு, மிளகு அதிகம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஜூலை கடைசி நாள். நான் பட்டறையிலிருந்து வந்தபோது ஹில்டா எங்கள் வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பருமனான ஒரு பாட்டியம்மாள், கையில் பின்னல் வேலையோடு.

"இவர்தான் ஆகஸ்ட்" என்றார் ஹில்டா.

எங்களுக்குப் புரியவில்லை.

"என் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். அங்கிருந்து உங்கள் ஜன்னல் தெரியாது. ஆகவே வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். மழை பெய்தால் உள்ளே போய்விடுவார். அப்போது நீங்கள் போய் அவர் வீட்டு மணியை அடிக்க வேண்டும். அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. மூன்று நிமிடத்தில் வருவார். காது கொஞ்சம் மந்தம்."

பாட்டியம்மாள் எழுந்து மலர்க்கொடியின் கையைக் குலுக்கினார். இருவருக்கும் ஒரு வார்த்தைகூடப் பொதுவில் கிடையாது. மலர்க்கொடி முறுக்குத் தட்டை நீட்டினாள். ஹில்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

"எங்கப்பாவுக்கு இப்பவே எழுதுங்க" என்றாள் மலர்க்கொடி, அவர் முதல் மாடி தாண்டுவதற்குள்.

எழுதினேன். மூன்று வாரம் கழித்து அரியலூரிலிருந்து பதில் வந்தது. ஒரு முழு ஏரோகிராமில் இரண்டே வரி, இந்த முறை அவரே தட்டுத்தடுமாறி எழுதியது:

'ஆகஸ்டு அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லவும். செப்டம்பரு ஒண்ணாந் தேதி படம் போடுற பெரியம்மா தங்கச்சி ஊருலேந்து வந்து சேந்துட்டாங்களான்னு பாத்து ஒடனே எழுதவும்.'